சுயஸைக் கடக்கும் முன் மேசையில் நடந்த வேலை

ஒவ்வொரு வருடமும் நோன்பு பத்து வந்தால் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றும். ஹிஜ்ரி 1393 ரமழான் 10, அதாவது 1973 ஒக்டோபர் 6, எகிப்திய இராணுவம் சுயஸ் கால்வாயைக் கடந்த கதை. தக்பீர் முழக்கம், படகுகள், கொடி. அதோடு கதை முடிந்துவிடும். அந்த ஒரு பின்னேரத்துக்குப் பின்னால் இருந்த வருடக்கணக்கான வேலையை யாரும் சொல்வதில்லை. உயர்தர வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்காகவாவது அதைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

1967இல் சினாய் இஸ்ரேலின் கைக்குப் போனபின், கால்வாயின் கிழக்குக் கரையில் பெரிய மணல் அணை எழுந்தது. சில இடங்களில் 20 மீற்றர் உயரம். ஆட்கள் படகில் போய் ஏணி வைத்து ஏறிவிடலாம். ஆனால் டாங்கி ஏறாது. அணையில் வழி வெட்டினால்தான் பாலம் போட்டுப் பயன். வெடிமருந்தும் புல்டோசரும் கொண்டு ஒரு வழி திறக்க ஐந்தாறு மணித்தியாலம் தேவைப்பட்டது. அதற்குள் எதிரியின் டாங்கிகள் வந்து சேர்ந்துவிடும்.

இதற்கு விடை சொன்னவர் தளபதி அல்ல. பாக்கி ஸக்கி யூசுப் என்ற பொறியியல் அதிகாரி. அஸ்வான் உயரணை வேலையில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை நகர்த்தியதைப் பார்த்தவர். அதையே இங்கும் செய்யலாம் என்றார். மேலிடம் சிரித்து அனுப்பிவிடவில்லை, பரீட்சித்துப் பார்த்தது. பிரித்தானியாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் பம்புகள் வாங்கினார்கள். வேலை இரண்டு மூன்று மணித்தியாலமாகக் குறைந்தது. (அவர் ஒரு கொப்டிக் கிறிஸ்தவர். நோன்பு பத்துச் செய்திகளில் அவருடைய பெயரைக் காண்பது அரிது.)

இராணுவத் தலைமை அதிகாரி ஸஅத் அல்-ஷாஸ்லி. அவருடைய குழு மூட்டை வரைக்கும் கணக்குப் பார்த்தது. டாங்கிகள் வந்து சேரும் வரை காலாட்படைதான் தனியே நின்று பிடிக்க வேண்டும். அதற்கான ஆயுதமும் தண்ணீரும் ஒருவர் தோளில் சுமக்கக்கூடிய பாரம் அல்ல. அதனால் கையால் இழுக்கும் சின்ன வண்டிகள் செய்தார்கள். நைல் பக்கத்துக் கால்வாய்களில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள்.

நடவடிக்கைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அல்-கமஸி, நாளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வை இரகசியத்துக்காகக் கையாலேயே எழுதினார். நிலவு, நீரோட்டம், இஸ்ரேலின் விடுமுறைகள், தேர்தல் எல்லாம் அதில் இருந்தன. நேரத்தில் ஒரு சிக்கல். எகிப்து கிழக்கு நோக்கித் தாக்குகிறது, சிரியா மேற்கு நோக்கி. சூரியன் எதிரியின் கண்ணில் படவேண்டும் என்றால் ஒருவருக்குப் பின்னேரம் வேண்டும், மற்றவருக்குக் காலை வேண்டும். கடைசியில் பிற்பகல் 2 மணி என்று இணங்கினார்கள். அன்று காலையிலும் எகிப்தியச் சிப்பாய்கள் சிலர் கரையில் தோடம்பழம் தின்றுகொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். அதுவும் திட்டத்தில் இருந்ததுதான்.

முதல் அலையில் சுமார் 4000 பேர் கடந்தார்கள். ஆயிரக்கணக்கில் உயிரிழப்பு வரும் என்று பயந்திருந்த நாளில், ஷாஸ்லி தரும் கணக்குப்படி இறந்தவர்கள் 280 பேர். எல்லாம் சரியாக நடக்கவுமில்லை. தெற்குப் பகுதியில் மண் கரையாமல் சேறாகி, பாலங்கள் தாமதமாயின.

எனக்கு இதிலெல்லாம் முக்கியமாகப் படுவது வேறொன்று. தங்களால் முடியாததை அந்தக் குழு முதலிலேயே எழுதி வைத்திருந்தது. விமானப்படை பலவீனம், கால்வாயின் மேற்கே நிற்கும் ஏவுகணைகளின் பாதுகாப்பு கிழக்கே 10, 12 கிலோமீற்றர் வரைதான். ஆகவே அதற்குள் நின்று பிடிப்பது, தாண்டாமல் இருப்பது. வெற்றிக்குக் காரணம் இந்த அடக்கம்தான் என்பேன்.

ஒரு வாரத்தில் அது போயிற்று. சிரியா நெருக்கடியில் இருந்தது. முன்னேறச் சொல்லி அரசியல் தலைமை உத்தரவிட்டது. ஷாஸ்லி எதிர்த்தார். களத்திலிருந்த இரண்டு படைத் தளபதிகளும் எதிர்த்தார்கள். ஒக்டோபர் 14 காலை டாங்கிகள் அந்த எல்லையைத் தாண்டின. சுமார் 250 டாங்கிகள் ஒரே நாளில் அழிந்தன. அடுத்த இரவே இஸ்ரேலியப் படை தெவர்சுவாரில் கால்வாயைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தது. அப்போதும் கிழக்கிலிருந்து கவசப் படைகளைத் திருப்பி எடுக்கச் சொன்னார் ஷாஸ்லி, சாதாத் மறுத்துவிட்டார். கடைசியில் எகிப்தின் மூன்றாம் படை சுற்றிவளைக்கப்பட்ட நிலையில்தான் சண்டை நின்றது. வருடாந்தச் செய்திகளில் ஒக்டோபர் 14 வருவதே இல்லை.

டிசம்பரில் ஷாஸ்லி பதவியிலிருந்து நீக்கப்பட்டு லண்டனுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டார். பிறகு சாதாத்தைப் பகிரங்கமாக விமர்சித்தார், நூல் எழுதினார். அதற்காக இராணுவ நீதிமன்றம் தண்டித்தது. 1992இல் நாடு திரும்பியபோது சிறையில் போட்டார்கள். யுத்த அறைப் படங்களிலிருந்தும் அவரை நீக்கினார்கள். 2011 பெப்ரவரி 10இல் காலமானார். முபாரக் பதவி விலகியது மறுநாள்.