மூன்றில் ஒரு பங்கு

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் அங்கே நடக்கின்றன. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இந்த ஊரையும் ராஜபாளையத்தையும் இணைத்துக்கொண்டு போகிறது. மில் வேன், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஏற்றிய வண்டி, குற்றாலம் போகும் கார், ஓரமாக நடந்துபோகும் பெண்கள் எல்லோருக்கும் அது ஒரே சாலை.

இந்தச் சாலையில் கார் ஓட்டும் ஒருவர் தன் தவறால் ஒரு பெண்ணை மோதிக் கொன்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வழக்கு தனி. அடுத்த ஆண்டு அவர் கட்டவேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு ஏறும்? ஒரு ரூபாய்கூட ஏறாது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்று, 1946 ஜூலை 1 முதல் கட்டாயமானது இந்தக் காப்பீடு. சொந்தக் காருக்கு இதன் கட்டணம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 3,416 ரூபாய். இருபது ஆண்டு ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவருக்கும் அதே தொகை, ஆளைக் கொன்றவருக்கும் அதே தொகை.

நோ கிளெய்ம் போனஸ் போய்விடாதா என்று கேட்கலாம். 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை வளரும் அந்தத் தள்ளுபடி, சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் கிடைப்பது. பம்பர் நசுங்கியதற்குப் பணம் கேட்டால் அது போகும். வந்து மோதியது எதிராளியாக இருந்தாலும் போகும். இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு நிறுவனம் தரும் இழப்பீட்டால் அது போகாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தவறு யாருடையது என்று பார்த்துப் பிரீமியத்தை ஏற்றுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு பிரீமியத்தில் இடமே இல்லை. விபத்தின் விலையைப் பேரம் பேசுவது இழப்பீட்டு வழக்கில்தான். அங்கே விலை குறிக்கப்படுவது செத்தவளுக்கு.

1994இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். வருமானம் இல்லாதவர் இறந்தால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் உத்தேச வருமானம் என்றது அது. இறந்தவர் சம்பாதிக்காத மனைவி என்றால், கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. கணவன் தறி ஓட்டி ஆண்டுக்கு 36,000 ரூபாய் சம்பாதித்தால், அவள் மதிப்பு 12,000. எழுத்தை அப்படியே படித்தால், வேலை இல்லாத ஒருவரைவிட வீட்டு வேலை முழுவதும் செய்தவள் 3,000 ரூபாய் மலிவு. அதே உலை, அதே குடம், அதே பிள்ளை. கணவனின் கூலி குறைந்தால் அவள் விலையும் குறையும்.

நீதிமன்றங்கள் இதை மெல்ல மெல்லத்தான் அசைத்தன. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீவிபத்து வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒரு சிறுமிக்கான இழப்பீட்டை எதிர்த்து இன்சூரன்ஸ் நிறுவனம் செய்த மேல்முறையீட்டில், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இடம்பெற்ற அமர்வு வீட்டு உழைப்பின் பொருளாதார மதிப்பை விரிவாகப் பேசியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் வைத்ததை நீதிபதி கங்குலி கண்டித்தார். இவ்வளவு சொல்லிவிட்டு, அதே தீர்ப்பு கடைசியில் கணக்குப் போட்டது கணவனின் சம்பளத்தில் மூன்றில் ஒன்றை வைத்துத்தான். இதைச் சொல்லாமல் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவது எனக்கு உவப்பில்லை.

கூலி வாங்கும் பெண்ணுக்காவது இது எளிதா என்றால், அதுவும் இல்லை. களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் ஏறும் பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் கூடப் போனால் அவருக்குக் காப்பு உண்டு. வெங்காய மூட்டைக்குச் சொந்தக்காரருக்குக் கிடைப்பது, மூட்டையோடு மூட்டையாகப் போகிறவளுக்குக் கிடைக்காது. வண்டி கவிழ்ந்தது டிரைவரின் தவறு என்று நிரூபித்தாலும், தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஏறவேண்டியது வண்டிக்காரரின் வீட்டு வாசல். வண்டியே கடனில் ஓடுகிற வீடாக அது இருக்கலாம்.

2018 மே மாதம் அந்தப் பழைய அட்டவணை மாற்றப்பட்டது. தவறை நிரூபிக்காமல் கேட்கும் வழியில், இறப்புக்கு ஐந்து லட்ச ரூபாய், ஆணோ பெண்ணோ ஒரே தொகை. அதற்கு மேல் வேண்டுமானால் தவறையும் நிரூபிக்க வேண்டும், வருமானத்தையும் நிரூபிக்க வேண்டும். 2021 ஜனவரியில் நீதிபதி ரமணா எழுதிய தீர்ப்பு, பெண்கள் ஊதியமில்லாத வீட்டு வேலையில் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துக்காட்டியது. ஆனாலும் மனுவில் இறந்தவரின் தொழில், மாத வருமானம் என்ற இரண்டு இடங்களை நிரப்பியாக வேண்டும். 'இல்லத்தரசி' என்று மட்டும் எழுத வக்கீல்கள் தயங்குகிறார்கள். பக்கத்தில் 'தையல்' என்றோ 'பால் வியாபாரம்' என்றோ சேர்த்து எழுதுகிறார்கள்.