பதிமூன்றாயிரம் துண்டு மண், ஒரு ராஜா

சென்னையிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயிலில் போகிறீர்கள். திருவள்ளூர் தாண்டி மணவூர், திருவாலங்காடு என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வருகிறது. வழியெல்லாம் சுவர்களில் என்ன இருக்கும்? சிமெண்ட் விளம்பரம், பனியன் விளம்பரம், கட்சிச் சின்னம், கண்ணீர் அஞ்சலி. சுவர் என்றாலே அதற்குத்தான் என்று நமக்குப் பழகிவிட்டது.

லக்னோவில், சார்பாக் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சுவர் இருக்கிறது. ரவீந்திராலயா என்கிற கலையரங்கத்தின் சுவர். 81 அடி நீளம், 9 அடி உயரம். முழுக்க முழுக்கச் சுட்ட மண். அதில் 1963-லிருந்து ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. டிக்கெட் கிடையாது, இடைவேளை கிடையாது.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் கணக்குதான் தோன்றும். 81-ஐ 9-ஆல் பெருக்கினால் 729 சதுர அடி. சென்னைப் புறநகரில் ஒரு சின்ன ஃப்ளாட்! அதில் பதித்திருக்கும் மண் துண்டுகள் சுமார் 13,000. சதுர அடிக்குப் பதினெட்டு வீதம். அத்தனையும் களிமண்ணாகப் பிசையப்பட்டு, காய்ந்து, சூளையில் வெந்து, அதற்கப்புறம் சுவர் ஏறியவை.

இதைச் செய்தவர் பெயர் கே.ஜி. சுப்ரமணியன். கல்பாத்தி கணபதி சுப்ரமணியன். பாலக்காட்டுக் கல்பாத்தி தெரியும் அல்லவா, தேர்த் திருவிழாவுக்குப் பேர்போன ஊர்? அந்தக் கல்பாத்திதான். தமிழ்க் குடும்பம். ஆனால் அவர் பிறந்தது வடகேரளத்தின் கூத்துப்பரம்பில், 1924 பிப்ரவரி 15 அன்று. வளர்ந்தது, அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த மாஹேயில்.

பையன் ஓவியக் கல்லூரிக்கா போனான்? இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம்! நல்லபடியாகப் படித்து முடித்திருந்தால் ஒரு பேராசிரியரோ, பெரிய அதிகாரியோ ஆகியிருப்பார். நடுவில் 1942 வந்தது. வெள்ளையனே வெளியேறு. காந்தி கூப்பிட்டார், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சுப்ரமணியனும் இறங்கினார். பிடித்து உள்ளே போட்டார்கள். அதோடு விட்டார்களா? இனி எந்த அரசுக் கல்லூரியிலும் சேர முடியாது என்று தடையும் போட்டார்கள்.

பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது எப்பேர்ப்பட்ட இடி என்று யோசித்துப் பாருங்கள். டிகிரி இல்லை, வேலை இல்லை, போக்கிடம் இல்லை. ஆனால் சர்க்கார் கையில் இல்லாத ஒரு கல்விக்கூடம் வங்காளத்தில் இருந்தது. தாகூரின் சாந்திநிகேதன். 1944-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு கதவை பிரிட்டிஷ் சர்க்கார் சாத்தியது. நமக்கு ஓர் ஓவியர் கிடைத்தார்.

சாந்திநிகேதனில் மூன்று ஆசான்கள். நந்தலால் போஸ், ராம்கிங்கர் பைஜ், வினோத் பிஹாரி முகர்ஜி. இந்த மூன்றாமவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வைக் கோளாறு உள்ளவர். ஒரு கண் சுத்தமாகத் தெரியாது, இன்னொன்று மங்கல். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சாந்திநிகேதன் ஹிந்தி பவனச் சுவர்களில், கபீர், துளசிதாஸ் போன்ற பக்தி இயக்கத்து மகான்களின் வாழ்க்கையை 1947-ல் வரைந்து முடித்தார். கூட நின்று வேலை பார்த்த மாணவர்களில் சுப்ரமணியனும் ஒருவர். சுவர் என்பது படம் மாட்டுகிற இடமில்லை, சுவரே படம்தான் என்கிற பாடம் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

பிறகு 1951-ல் பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். ஐம்பதுகளின் நடுவில் லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் கொஞ்ச காலம். திரும்பி வந்து 1959 முதல் 1961 வரை பம்பாயில், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் டிசைன் பிரிவின் துணை இயக்குநர். லண்டனில் படித்துவிட்டுத் தறி டிசைனா என்று நாம் கேட்போம். அவருக்கு அந்த வேறுபாடே கிடையாது. ஓவியம் வரைவார், பொம்மை செய்வார், நெசவு பார்ப்பார், குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதிப் படமும் போடுவார். பரோடா மாணவர்கள் நடத்தும் கலைச்சந்தைக்காக மரத்திலும் மணியிலும் தோலிலும் அவர் செய்த பொம்மைகள் அத்தனை அழகு. 'இது கலை, அது கைத்தொழில்' என்று கோடு கிழிப்பவர்களை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

அந்த மனசுதான் லக்னோ சுவரில் வேலை செய்தது.

1961 தாகூர் நூற்றாண்டு. நாடு முழுக்க அவர் பெயரில் அரங்கங்கள் எழுந்தன. லக்னோவுக்குக் கிடைத்தது ரவீந்திராலயா. அதன் சுவருக்குத் தாகூரின் 'ராஜா' நாடகத்தை எடுத்துக்கொண்டார் சுப்ரமணியன். 'இருட்டறையின் ராஜா' என்று ஆங்கிலத்தில் பிரபலமான நாடகம்.

கதை இதுதான். ராணி சுதர்சனா தன் கணவனான ராஜாவை இருட்டறையில் மட்டுமே சந்திக்க முடியும். முகம் பார்த்ததே இல்லை. 'வெளிச்சத்தில் உன்னைப் பார்த்தே ஆகவேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கிறாள். திருவிழாக் கூட்டத்தில் பார்த்துக்கொள் என்கிறான் ராஜா. அங்கே பளபளவென்று வந்த ஒரு போலி ராஜாவைப் பார்த்து, இவன்தான் அவன் என்று ஏமாந்துபோகிறாள். இதில் சூழ்ச்சி செய்து, நந்தவனத்துக்கே தீ வைக்கிறவர் யார் தெரியுமா? காஞ்சி ராஜா! நம் பக்கத்து ஊர்க்காரர்தான் வில்லன். கடைசியில் கர்வமெல்லாம் அழிந்து, தேர் வேண்டாம், பல்லக்கு வேண்டாம் என்று தெருப் புழுதியில் நடந்தே ராஜாவைத் தேடிப் போகிறாள் ராணி. தோற்ற காஞ்சி ராஜாவும் அதே தெருவில் நடக்கிறார்.

இவ்வளவையும் மண்ணில் எப்படிச் சொல்வது? மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காயும்போது சுருங்கும். பெரிய பலகையாகச் செய்தால் கோணும், வெடிக்கும், சூளையில் சிதறும். அதனால் சின்னச் சின்னத் துண்டாகத்தான் செய்தாக வேண்டும். வங்காளத்து விஷ்ணுபூர்க் கோயில்களைக் கட்டியவர்களுக்கு இது அந்தக் காலத்திலேயே தெரியும். கல் கிடைக்காத ஊர் என்பதால் கோயில் முழுக்கச் சுடுமண் பலகைகளைப் பதித்து ராமாயணமும் பாரதமும் சொன்னார்கள். சுப்ரமணியன் அந்தப் பரம்பரையைக் கையில் எடுத்தார். ஆனால் நகல் எடுக்கவில்லை. எழுத்துகளைக் கோத்துச் சொல்லும், சொற்களைக் கோத்து வாக்கியமும் வருகிற மாதிரி, துண்டுகளைக் கோத்து உருவங்களைக் கொண்டுவந்தார். கிட்டே போனால் மண் துண்டு. தள்ளி நின்றால் ராணி.

இப்போது அந்த வினோத் பிஹாரிக்கு வருவோம். ஐம்பதுகளில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இருந்த கொஞ்சப் பார்வையும் போய்விட்டது. ஓர் ஓவியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கதை முடிந்தது என்றுதானே நினைப்போம். முடியவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு, காகிதத்தை மடித்து வெட்டி உருவங்கள் செய்யப் பழகினார். 1972-ல், முழுக்கப் பார்வை இழந்த நிலையில், சாந்திநிகேதன் கலாபவனத்தில் ஒரு பெரிய பீங்கான் டைல்ஸ் சுவரோவியத்தை உருவாக்கினார். அவருடைய இன்னொரு மாணவர் அவரைப் பற்றி அதே வருடம் ஒரு ஆவணப்படம் எடுத்தார். மாணவர் பெயர் சத்யஜித் ரே. படத்தின் பெயர் 'இன்னர் ஐ'. சீடர் மண்ணில் சுவர் எழுப்பியது 1963-ல். கண் போன குரு டைல்ஸில் சுவர் எழுப்பியது 1972-ல். யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

சுப்ரமணியன் மண்ணை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1971-ல் வங்கதேசத்தில் நடந்த படுகொலைகள் அவரை உலுக்கின. மெடல் குத்திய ராணுவத் தளபதிகளைச் சுடுமண் பலகைகளில் செய்தார். ஈரமண்ணைத் தோல் மாதிரி மடித்து, கிழித்து, துளைத்துச் செய்த உருவங்கள். பொம்மை செய்த அதே கைதான்!

1980-ல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களில் கறுப்பு வெள்ளையில் பெரிய ஓவியம் தீட்டினார். வெயிலும் மழையும் சும்மா விடுமா? மங்கிப்போனது. 2009-ல் சாரம் கட்டி மேலே ஏறி, மறுபடி புதிதாக வரைந்தார். அப்போது வயது 85. நாம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசிக் கும்பாபிஷேகம் செய்வதில்லையா? அதே மாதிரிதான். வெட்டவெளியில் இருக்கிற கலை, யாராவது கவனித்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும்.

1975-ல் பத்மஸ்ரீ, 2006-ல் பத்மபூஷண், 2012-ல் பத்மவிபூஷண். 2016 ஜூன் 29 அன்று, பரோடாவில் காலமானார். வயது 92.

அவருடைய கேன்வாஸ் ஓவியங்கள் ஏலத்துக்கு வருகின்றன, பணக்காரர்கள் வாங்குகிறார்கள். வாங்கட்டும். லக்னோ சுவரை யாரும் ஏலம் எடுக்க முடியாது. ஆனால் அதனாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. விலை இல்லாத பொருளுக்குக் காவலும் இருக்காது. எல்லோருக்கும் சொந்தமான சுவர் என்றால், கவலைப்படுவதற்கு ஆள் இல்லாத சுவர் என்று அர்த்தமாகிவிடுகிறது. ஒரு துண்டு உதிர்ந்தால் 12,999. யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

எப்போதாவது லக்னோ போனால், ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் அந்தச் சுவர் முன் நில்லுங்கள். ராஜாவை அரண்மனையில் தேடிய ராணிக்கு அவன் கடைசியில் தெருவில்தான் கிடைத்தான்.