உறவுப் பட்டியலில் இல்லாத பாட்டன்

உத்திரமேரூர் என்றதும் குடவோலையை நினைக்காத தமிழர் அரிது. பள்ளிப் பாடநூல்களில் தொடங்கி, 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் ஆற்றிய உரை வரை, அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்கள் எடுத்துக்காட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. முதலாம் பராந்தகரின் 12 மற்றும் 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச் சபை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதிகள் அவை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று நீளும் தகுதிகளைப் பலரும் மனப்பாடமாக ஒப்பிப்பர். நாம் இங்கே நோக்க விரும்புவது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதியை.

வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் குடவோலைக்குப் பெயர் தர முடியாது. அவர் மட்டுமல்லர், அவருடைய உறவினரும் முடியாது. ‘உறவினர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுச் சபையோர் நகர்ந்துவிடவில்லை. யார் யார் என்று எண்ணி எண்ணிக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். சிற்றவ்வை, பேரவ்வை மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தந்தையுடன் பிறந்தவர், தன்னுடன் பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவர், அவள் பெற்ற மக்கள், மருமகன், தந்தை, மகன். (பெரியம்மாவைக் குறிக்கும் பேரவ்வைக்கும் நம்முடைய சட்டப் பேரவைக்கும் இடையே ஓரெழுத்துத்தான் தொலைவு என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.) பத்தாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒரு மனிதனைச் சுற்றியிருந்த உறவுகளின் வரைபடமாகவே இப்பட்டியலைக் கொள்ளலாம். ஆனால் இதில் இருவர் இல்லை. ஒருவர் பாட்டன், மற்றவர் பேரன்.

ஏன் இல்லை? வயது விதியிலேயே பாதி விடை இருக்கிறது என்பது நம் கருத்து. 35 வயதுக்குக் குறைந்தவருக்கு இடமில்லை, 70-ஐத் தாண்டியவருக்கும் இடமில்லை. பாட்டனும் பேரனும் ஒரே காலத்தில் இந்த இரு எல்லைகளுக்குள் நிற்பது நடைமுறையில் இயலாத காரியம். எனினும், கணக்குக் காட்டாத பாட்டன் மறைந்து பல்லாண்டுகள் கழித்துப் பேரன் 35-ஐத் தொடுவதற்குத் தடையில்லையே! அப்படிப்பட்ட பேரனைச் சபை விலக்கவில்லை. பழி ஒரு தலைமுறையோடு தீர்ந்தது என்று கருதினார்கள் போலும். எப்படிக் கொண்டாலும், சட்டத்தின் கண்ணுக்குப் பாட்டன் – பேரன் உறவு புலப்படவில்லை.

இதிலுள்ள முரண் சுவையானது. அக்கல்வெட்டின் தலையில் மன்னரின் பெயர் மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மர் என்று நிற்கிறது. பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களைச் சோழர்கள் ஒருவர்விட்டு ஒருவராகச் சூடினர். பராந்தகரின் தந்தை ஆதித்தர் இராசகேசரி. பாட்டனார் விசயாலயர் பரகேசரி. ஆக, பட்டியலில் இடம்பெறாத பாட்டன் கல்வெட்டின் முதல் வரியிலேயே பட்டமாக வந்து அமர்ந்திருக்கிறார். நம் வீடுகளிலும் வழக்கம் அதுதானே? பாட்டனின் பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன். அதுவே பேச்சில் பேரன் ஆயிற்று.

தேர்தல் நடக்கும் முறையிலும் ஒரு காட்சி உண்டு. ஊரிலுள்ள நம்பிமாரெல்லாம் சபையில் கூடியிருக்க, அவர்களில் மிக மூத்தவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்குவார். ஊரின் முதியவரையும் சிறுவனையும் அருகருகே நிறுத்தி, அவர்கள் கைகளை நம்பித் தன் ஆட்சியையே ஒப்படைத்த சபை அது.

இத்தனை முன்னுரைக்குக் காரணம் உண்டு. மகன் இறந்த பிறகோ, மணம் முறிந்த பிறகோ, பேரப்பிள்ளையைப் பார்க்க விடாமல் தடுக்கப்படும் தாத்தா பாட்டிக்குச் சட்டம் என்ன தருகிறது என்ற கேள்வி இப்போது நாட்டின் பல நீதிமன்றங்களில் எழுகிறது. உத்திரமேரூரை அடுத்த சிற்றூர்களுக்கும் இது அயலான கேள்வியன்று. ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்குப் பெற்றோர் வேலைக்குப் போக, பிள்ளைகள் ஏரிக்கரை ஊர்களில் பாட்டியிடம் வளர்வது இப்பகுதியில் எளிதாகக் காணக்கூடியது. ஐந்தாறு ஆண்டுகள் சோறூட்டி வளர்த்த கைக்கு, மகனும் மருமகளும் பிரிந்த மறுநாள் அந்தப் பிள்ளைமீது என்ன உரிமை?

விடை சுருக்கமானது. சட்ட நூலில் எழுதப்பட்ட உரிமை எதுவுமில்லை. ஆனால் நிலத்தைப் பற்றிக் கேட்டால் விடை மாறும். மிதாட்சர மரபில் பேரன் பிறந்த அன்றே பாட்டனின் பூர்வீகச் சொத்தில் பங்காளி. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் வகுப்பு வாரிசுகளில் தாத்தா பாட்டிகள் இடம்பெறுகிறார்கள். அங்கும் தந்தைவழியார் முன்னே, தாய்வழியார் பின்னே. திவசத்தில் மூன்று தலைமுறைப் பெயர்கள் தவறாமல் ஒலிக்கின்றன. காணிக்கும் எள்ளுக்கும் இருக்கும் விதி, கண்ணால் காண்பதற்கு இல்லை.

குழந்தைகளின் காவலைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1890-இல் வந்த காப்பாளர் சட்டம். காப்பாளரை நியமிக்கும்போது நீதிமன்றம் கருதவேண்டியவற்றை அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது: குழந்தையின் வயது, பால், சமயம், காப்பாளரின் குணம், தகுதி, அவர் குழந்தைக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பன. விவரம் அறிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கருதலாம். பாட்டனும் பாட்டியும் நுழையக்கூடிய ஒரே வாசல் ‘நெருங்கிய உறவு’ என்ற அந்தத் தொடர்தான்.

இந்தச் சட்டத்தின் வரலாற்றில் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திற்கு ஓரிடம் உண்டு. ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பி நித்யானந்தாவையும் தந்தை நாராயணய்யா 1910-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் காப்பில் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி, 1912-இல் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு முதலில் பதிவானது செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில். அடையாறு அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது, உத்திரமேரூரும் அதே மாவட்டம். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாறி, 1913-இல் தந்தைக்குச் சாதகமாக முடிந்தது. 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனைப் புரட்டிப்போட்டது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கையில் செங்கல்பட்டு நீதிமன்றத்திற்கு இவ்விஷயத்தில் அதிகாரமில்லை என்பது ஒரு காரணம். அச்சிறுவர்கள் வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்படாததும், அவர்கள் நலனும் விருப்பமும் ஆராயப்படாததும் மற்றொன்று. குழந்தை தந்தையின் உடைமையன்று, தந்தையின் காவல் குழந்தையின் நலனுக்காக அவரிடம் உள்ள பொறுப்பு என்ற எண்ணம் இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இவ்வழக்கு பெரிதும் உதவிற்று.

1956-இல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனே தலையாயது என்று 13-ஆம் பிரிவில் எழுதியது. ஆயினும் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்றும் எழுதிவைத்தது. அந்தப் ‘பின்’னை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர் நாவலாசிரியர் கீதா ஹரிஹரன். மகனின் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்துப் போதாது என்று சொல்லப்பட்டதில் பிறந்த வழக்கு. ‘பின்’ என்பது தந்தை இறந்த பின் என்று பொருள்படாது, தந்தை இல்லாதபோதும் பொறுப்பில் நில்லாதபோதும் என்றும் பொருள்படும் என 1999-இல் தீர்ப்பாயிற்று. ஒற்றைச் சொல்லின் பொருள்கோளில் இந்தியத் தாய்மாரின் நிலை மாறியது என்றால், உரையாசிரியர்களின் நாட்டில் அதற்கு வியப்பதற்கில்லை. ஆனால் தாய் காப்பாளராக வருவதற்கே இத்தனை காலம் பிடித்த சட்டத்தில், தாத்தா பாட்டிக்கு எங்கே இடமிருக்கும்?

2007-இல் நாடாளுமன்றம் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியபோது, பாட்டனும் பேரனும் முதன்முறையாக ஒரே விதியில் சந்தித்தனர். பெற்றோரைப் போலவே தாத்தா பாட்டியும் பராமரிப்புத் தொகை கோரலாம். பேரன் பேத்தியும் தரவேண்டியவர்கள். ஆனால் இளவர் ஆகார் என்று இலக்கணம் சேர்த்துவிட்டார்கள். பணம் கேட்பதற்கு அது நியாயமே. குழந்தையிடம் யார் பணம் கேட்பார்? விளைவு என்னவெனில், பேரன் சட்டத்தின் முன் பேரனாவது பதினெட்டு வயது நிறைந்த பிறகு, அதுவும் கடன்காரனாக.

எழுதப்படாத இடத்தை நீதிபதிகள் நிரப்பி வருகிறார்கள். தாயை இழந்த பேத்தியை வளர்த்த தாய்வழிப் பாட்டியிடமே விட்டது 2009-இல் உச்சநீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு. கொரோனா இரண்டாம் அலையில் இரு பெற்றோரையும் இழந்த அகமதாபாத் சிறுவனை 2022-இல் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது மற்றொன்று. வயதும் வருமானமும் மட்டும் அளவுகோல் ஆகா என்றது அத்தீர்ப்பு. தாத்தாவுக்கு அப்போது 71 வயது. உத்திரமேரூர்ச் சபையின் கணக்கில் ஓராண்டு கூடுதல்! இவையெல்லாம் வளர்ப்புப் பொறுப்பைப் பற்றியவை. ‘வளர்க்க வேண்டாம், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்’ என்று கேட்பவருக்குத் தனி விதி இல்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதத்தில் தந்த 257-ஆம் அறிக்கை இதைக் கவனித்தது. தாத்தா பாட்டியோடு குழந்தை கழிக்கும் நேரத்தையும் தன் பரிந்துரைகளில் சேர்த்து, இரு திருத்த மசோதாக்களின் வரைவையும் இணைத்தது. அவை சட்டமாகவில்லை.

வெளிநாடுகளில் இது பழைய சங்கதி. பிரான்சின் உச்ச நீதிமன்றம் 1857-லேயே பேரப்பிள்ளையைக் காணும் உரிமையைத் தாத்தா பாட்டிக்கு ஏற்றது. அமெரிக்காவில் 1960-களிலிருந்து ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமாக இதற்கென விதி செய்து, ஐம்பது மாநிலங்களும் செய்து முடித்தன. வாஷிங்டன் மாநிலம் ஓரடி தாண்டி, யாரும், எப்போதும் மனுச் செய்யலாம் என்று எழுதிவிட்டது. தந்தை இறந்துபோன இரு சிறுமியரைப் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தாய் சந்திப்பை மறுக்கவில்லை. மாதம் ஒருமுறை குறுகிய நேரம் போதும் என்றார். தாத்தா பாட்டியோ மாதம் இரு வார இறுதிகளையும் கோடையில் இரு வாரங்களையும் கேட்டனர். ட்ராக்ஸல் வழக்கு எனப்படும் இதில் 2000 ஜூனில் தாய் வென்றார். தகுதியுள்ள பெற்றோரின் முடிவுக்குத் தனி மதிப்புத் தராமல் நீதிபதி தன் விருப்பத்தைத் திணிப்பது அரசியல் சட்டத்திற்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் கனம் அதிகம். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த பெண் கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்புகிறாள். மறுமணமும் செய்துகொள்ள எண்ணுகிறாள். ‘எங்கள் வம்சம்’ என்று மாமனார் மனு எடுத்துக்கொண்டு வந்தால், சந்திப்புரிமை என்பது அவளைப் பழைய வாசலில் கட்டிப்போடும் கயிறாகிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. புகுந்த வீட்டில் மகளை ஐயத்திற்குரிய சாவுக்குக் கொடுத்த பெற்றோர், பேத்தி அதே வீட்டில் வளர்வதைத் தெருமுனையில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த இரு முதியவர்களையும் ஒரே வாக்கியத்தில் அடக்கும் சட்டம் ஒருவருக்கு அநீதி செய்யும். ஆகவே முதியவரின் உரிமை என்று எழுதாமல், பழகிய பாசம் அறுபடாதிருக்கக் குழந்தைக்குள்ள உரிமை என்று எழுதுவதே தக்கது என்பது நம் துணிபு. பிள்ளையோடு வாழ்ந்து வளர்த்த உறவு முன்பே இருந்ததா, தடுப்பவரின் அச்சம் நியாயமானதா, குழந்தை என்ன சொல்கிறது என்ற மூன்றையும் கேட்டறியாத ஆணை செல்லாது என்றும் அதிலேயே சேர்த்துவிடலாம். தாய்வழி, தந்தைவழி என்ற ஏற்றத்தாழ்வு அதில் தலைகாட்டக் கூடாது.

தில்லிக்காகக் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. திருமணமும் இளவரும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் ஐந்தாம் இனமாக உள்ளவை. மாநிலச் சட்டமன்றமும் இவற்றில் சட்டம் செய்யலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவே. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது நம் சட்டமன்றம். 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளைப் பங்காளியாக்கியதும் அதுவே. நாடு முழுமைக்கும் அந்த விதி வர 2005 ஆயிற்று. குடும்பச் சட்டத்தில் இருமுறை முந்திச் சென்ற அந்த அவையின் உறுப்பினர்களுள் ஒருவர் உத்திரமேரூர்த் தொகுதியிலிருந்து செல்பவர். உறவுப் பட்டியலைத் திருத்தும் மசோதாவை முன்மொழிய அவரைவிடப் பொருத்தமானவர் யார்?