சங்கிலியா, பிரேக்கா? ஐந்தாம் சக்கரத்தின் வரலாற்றைச் சிவாஜிநகரிலிருந்து வாசித்தல்

இழுத்துச் செல்லப்படும் வண்டி நடுவழியில் கழன்றுகொண்டால் என்ன செய்வது? இக்கேள்விக்கு மனிதர் கண்ட விடைகள் இரண்டு. கழன்றாலும் பிரிந்துவிடாதபடி சங்கிலியால் பிணைத்து வைப்பது ஒன்று. கழன்ற கணத்திலேயே அது தானாக நின்றுவிடும்படி செய்வது மற்றொன்று. 'ஐந்தாம் சக்கர' இணைப்புள்ள டிரெய்லர் லாரிக்குக் காப்புச் சங்கிலி வேண்டுமா என்று இயந்திரவியல் மாணவர்கள் எழுப்பும் வினா, இவ்விரு விடைகளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கின் ஒரு பகுதியே. அவ்வழக்கின் பல சாட்சியங்கள் பெங்களூர் சிவாஜிநகரைச் சுற்றியே கிடக்கின்றன.

முதலில் பெயர். நான்கு சக்கரமுள்ள வண்டியில் வேறு எங்கிருந்து வந்தது ஐந்தாவது? விடை குதிரைவண்டிக் காலத்தில் இருக்கிறது. பிளாக்பள்ளி என்று முன்னர் அழைக்கப்பட்ட சிவாஜிநகர், 1809 முதல் உருவான பெங்களூர் கன்டோன்மென்ட்டையொட்டி வளர்ந்த பகுதி. மதராஸ் படையோடும் அதன் தேவைகளோடும் வந்த தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய இடமும் அதுவே. எளியோர் ஏறிச் சென்ற ஜட்காவுக்கு இரண்டே சக்கரங்கள்; குதிரை திரும்பினால் வண்டியும் திரும்பும். அதிகாரிகளின் நான்கு சக்கரக் கோச்சு அப்படித் திரும்பாது. முன் அச்சு தனியே சுழலவேண்டும். அதற்காக அச்சுக்கும் உடலுக்கும் இடையே கிடைமட்டமாக ஓர் இரும்பு வளையம் பொருத்தினர். தரையைத் தொடாத அந்த வளையமே ஐந்தாம் சக்கரம்.

1914இல் டெட்ராயிட் நகரில் ஆகஸ்ட் ஃப்ருஹாஃப் என்ற கொல்லர், ஒரு மரவணிகரின் படகை ஃபோர்டு காரின் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு வண்டி கட்டிக்கொடுத்தார். செமி-டிரெய்லர் தொழில் அங்கிருந்து வேகம் பெற்றது. குதிரைவண்டியின் வளையம் லாரியின் முதுகில் ஏறியது. இன்று அது நடுவே பிளவுள்ள கனமான இரும்புத் தட்டு. டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் கிங்பின் அப்பிளவில் நுழைந்ததும் தாடைகள் அதைக் கவ்விப் பூட்டிக்கொள்கின்றன. கிங்பின்னின் விட்டம் வழக்கமாக 50 மில்லிமீட்டர்; மிகு பாரத்துக்கு 90 மில்லிமீட்டர்.

இவ்விணைப்பு மற்ற இணைப்புகளிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. கரும்பு ஏற்றிவரும் டிராக்டரையும் அதன் டிரெய்லரையும் நினைத்துப் பாருங்கள். அங்கே டிரெய்லரின் பாரம் அதன் சொந்தச் சக்கரங்களிலேயே நிற்கிறது. ஏர்க்கால் போன்ற ஒரு தண்டும் ஓர் ஆணியும் மட்டுமே இழுக்கின்றன. ஆணி தெறித்தால் தண்டு தரையில் குத்தும். வண்டி தன் போக்கில் ஓடும். ஐந்தாம் சக்கரத்திலோ டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் இழுக்கும் லாரியின் மீது அமர்ந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் நமது மோட்டார் வாகனச் சட்டமும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்கிறது. ஒரு பகுதி இழுக்கும் வாகனத்தின் மேல் அமர்ந்து, எடையில் ஒரு பங்கை அதன் மீது சுமத்துவதே 'செமி-டிரெய்லர்' என்று அது வரையறுக்கிறது. 'டிரெய்லர்' என்பதன் வரையறையிலிருந்து அதை விலக்கியும் வைக்கிறது.

இனி ரயிலுக்கு வருவோம். சங்கிலி வழக்கின் பெருந்தீர்ப்பு அங்கேதான் எழுதப்பட்டது. 1864இல் மதராஸ் ரயில்வேயின் கிளைப்பாதை ஜோலார்பேட்டையிலிருந்து ஏறி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலுள்ள பெங்களூர் கன்டோன்மென்ட்டை அடைந்தது. ஏற்றமான பாதை எதுவாயினும் அச்சம் ஒன்றே: பின்பெட்டிகள் பிரிந்து சரிவில் பின்னோக்கி ஓடிவிடுமோ? அந்நூற்றாண்டின் பெட்டிகளில் நடுக்கொக்கியின் இருபுறமும் பக்கச் சங்கிலிகள் தொங்கியதற்கு இந்த அச்சமே காரணம்.

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே ஓர் உல்லாசப் பயண ரயில் ஏற்றத்தில் திணறி நின்றது. பாரத்தைக் குறைக்க ஊழியர்கள் ரயிலை இரண்டாகப் பிரித்தனர். பிரிந்த பகுதியின் சக்கரங்களுக்கு அடியில் கற்களை முட்டுக் கொடுத்தனர். முன்பகுதி சற்றே பின்வாங்கி இடித்தது, கற்கள் நழுவின, பின்பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. 80 பேர் மாண்டனர். இங்கே இணைப்பு அறுபடவில்லை, மனிதரே கழற்றினர். எத்தனை சங்கிலிகள் இருந்தாலும் அவற்றையும் அவர்களே கழற்றியிருப்பார்கள். அந்த ரயிலின் வெற்றிட பிரேக், எஞ்சினோடு தொடர்பு இருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும் வகை. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. குழாய் அறுந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்னும் நெறி பரவப் பரவ, பக்கச் சங்கிலிகள் தேவையற்றுப் போயின.

சாலைச் சட்டங்கள் இப்பாடத்தைத் தம் மொழியில் எழுதிக்கொண்டன. ஐக்கிய நாடுகள் அவையின் பிரேக் ஒழுங்குவிதி எண் 13, ஓடும்போது இணைப்பு பிரிந்தால் டிரெய்லர் தானாக நிற்கவேண்டும் என்கிறது. 1.5 டன்னுக்கு மிகாத சிறு டிரெய்லருக்கு மட்டும், தானியங்கி நிறுத்தத்துக்கு மாற்றாகச் சங்கிலியையோ கம்பிவடத்தையோ ஏற்றுக்கொள்கிறது. சங்கிலியும் பிரேக்கும் ஒரே கடமையின் இரு வடிவங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் முழு டிரெய்லருக்குக் காப்புச் சங்கிலியோ அதற்கு நிகரான பிணைப்போ வேண்டும் என்கின்றன. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம், ஐந்தாம் சக்கரமும் கிங்பின்னும் கொண்ட செமி-டிரெய்லருக்கு அத்தேவையிலிருந்து விலக்கு அளிக்கிறது.

இதன் பின்னுள்ள காரணங்கள் எளியவை. பல பத்து டன் எடையுள்ள டிரெய்லரின் உந்துவிசையைத் தாங்கும் சங்கிலி, கையாள முடியாத பருமனுடையதாக இருக்கும். இறுக்கிக் கட்டினால் திருப்பத்தில் தடுக்கும்; தளர்த்திக் கட்டினால் வெட்டியிழுத்து அறுக்கும். அறாமல் தாங்கினாலோ, தரையில் விழுந்த டிரெய்லர் லாரியையும் தன்னோடு புரட்டக்கூடும். மாறாக, காற்றுக்குழாய் அறுந்தவுடன் டிரெய்லரின் பிரேக் பிடிக்குமானால், பிரிந்த வண்டி விரைவில் நிற்கும். ஆகவே பாரவண்டியின் ஐந்தாம் சக்கரத்துக்குச் சங்கிலி தேவையில்லை. டிராக்டர் டிரெய்லருக்குத் தேவை. தொழில்நுட்ப விடை இவ்வளவே.

வரலாற்று விடை இங்கே முடிவதில்லை. சங்கிலி கண்ணுக்குத் தெரியும் காப்பு. இல்லையென்றால் சாலையில் நிற்கும் எவரும் கண்டுபிடித்துவிடலாம். பிரேக் கண்ணுக்குத் தெரியாத காப்பு. குழாய், வால்வு, சுருள்வில், பராமரிப்பு ஆகிய அனைத்தையும் நம்பி நிற்பது. சங்கிலியைக் கைவிட்ட சமூகம் அந்நம்பிக்கையைப் பணிமனையிடமும் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் ஒப்படைத்திருக்கிறது. பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகளைத் தொப்பூர் கணவாயில் விபத்துக்குள்ளாக்குவது பெரும்பாலும் அறுந்த இணைப்பு அன்று. சூடேறிச் செயலிழந்த பிரேக்கும், மிகை பாரமும், டீசல் மிச்சத்துக்காக நியூட்ரலில் இறக்கும் வழக்கமுமே. ஐந்தாம் சக்கரம் கழன்றுகொள்ளும் நேர்வுகளிலும், கிங்பின் தாடைக்குள் சரியாக அமராமல் மேலேறி நின்றதும், பூட்டு விழுந்ததா என்று குனிந்து பார்க்காததும் முதன்மைக் காரணங்களில் அடங்கும். குனிந்து பார்க்க நேரம் தராத வேலைமுறையின் பெயரை எந்த விபத்து அறிக்கையும் குற்றவாளியாக எழுதுவதில்லை.

தமிழருக்கு இப்பாடம் புதிதன்று. வடம் தேரை இழுக்கும், நிறுத்துவது முட்டுக்கட்டை. வடம் எவ்வளவு தடித்ததாயினும் சரிவில் தேரைப் பிடித்து நிறுத்தாது என்பதை அறிந்ததால்தான், முட்டுக்கட்டை போடுவோர் தனித்திறனாளராக மதிக்கப்பட்டனர். அவர்களே உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்தருகே நடந்தனர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியபோது, அந்த உயிர்ப்பணயத்தின் ஒரு பங்கை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு செப்டம்பர் 8 அன்றும் சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தின் தேர்ப்பவனியைக் காணும் மாணவர்கள், தேரை இழுப்போரை மட்டும் பார்க்காமல், அதை நிறுத்தும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். தொழில்நுட்ப வரலாற்றில் நாம் கேட்கவேண்டிய கேள்வி அதுவே: ஒரு காப்புச் சாதனம் மறையும்போது, அதன் பொறுப்பு யார் தோளுக்கு மாறுகிறது?

கன்டோன்மென்ட் பகுதியின் வண்டிப் பட்டறைகள், கொல்லுலைகள், லாரிப் பணிமனைகள் பற்றிய வாய்மொழிச் செய்திகளோ குடும்ப ஆவணங்களோ வைத்திருப்போர் பின்னூட்டத்தில் பகிர்ந்தால், இவ்வரலாற்றைத் தொழிலாளர் பக்கத்திலிருந்து எழுத அவை உதவும்.