சூடோமோனாஸ் புடிடா
மண்ணிலும் நீரிலும் வாழும் கோல்வடிவ பாக்டீரியா. இதன் சில விகாரங்கள் டொலுவீன், நாஃப்தலீன் போன்ற நச்சுகளையே உணவாக்கிக்கொள்ளும். அதற்குரிய மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், செல்லுக்குச் செல் தாவவும் செய்யும். நுண்ணுயிரியலாளர் ஆனந்த சக்ரவர்த்தி இத்தகைய பிளாஸ்மிட்கள் பலவற்றை ஒரே சூடோமோனாஸ் செல்லில் சேர்த்தார். எண்ணெய் தின்னும் அந்த உயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகழ் வழக்கோடு சரி. 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் உரமாக இட்டதுதான் பலன் தந்தது. அப்படியானால் மரபணு மாற்றமே வீண் என்பாரும் உண்டு. திறந்த கரையைப் பொறுத்தவரை அது ஓரளவு நியாயம். மூடிய நொதிகலனுக்குப் பொருந்தாது. கரைப்பான் நச்சைச் செல்லிலிருந்து வெளியேற்றும் புரதப் பம்புகள் சூடோமோனாஸ் புடிடாவுக்கு உண்டு. அதனால், பிற நுண்ணுயிர்கள் மடியும் சூழலிலும் இதைக்கொண்டு வேதிப்பொருள்களும் உயிரிநெகிழியும் ஆக்க முடிகிறது.