பவுலும் பந்தியும்

தர்சு நகரில் பிறந்த பவுல், கூடாரத் தொழில் செய்து பிழைத்த யூதர். புதிய ஏற்பாட்டில் அவர் பெயரால் 13 நிருபங்கள் உள. அவற்றுள் 7 ஐயமின்றி அவருடையன என்பர் ஆய்வாளர்.

கி.பி. 50-ஐ ஒட்டிக் கலாத்தியருக்கு அவர் எழுதியதை நம் இளைஞர் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும். அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார் பேதுரு. எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்தோர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பிற யூதரும் விலகினர். பவுலோடு உழைத்த பர்னபாவுங்கூட! பேதுரு இயேசுவின் நேர்ச்சீடர். பவுலோ முன்னாளில் சபையைத் துன்புறுத்தியவர். எனினும் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கடிந்தார். உடனுண்ண வேண்டுமாயின் மற்றவர் யூதராய் மாறியாக வேண்டுமோ என்பது அவர் வாதம். பந்தியினின்று எழுப்பப்பட்டோர் வழிவந்த நாம் இதனைச் சோற்றுச் சண்டையென ஒதுக்கவியலாது.

பேதுரு என்ன விடையிறுத்தார் என்பதைப் பவுல் எழுதவில்லை.