பெருங்கிணறும் ஊர் வானொலியும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் பலர், அங்குள்ள நாலுமூலைக் கேணியைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நான்கு பக்கமும் படிக்கட்டு இறங்கும். ஒவ்வொன்றும் பாதியில் ஒரே திசையாக மடங்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம் தெரியும். ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் நிற்பவர் பார்க்க முடியாது. பல்லவன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் இதைக் கட்டி முடித்தவன் ஆலம்பாக்க விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் என்றும், இதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டியவன் பெயரோடு அது நின்றுவிடவில்லை. இந்தக் கிணற்றைக் காக்கும் பொறுப்பு இவ்வூர் மூவாயிரத்து எழுநூற்றுவருடையது என்றும் எழுதி வைத்திருக்கிறது. கொடுத்தவன் ஒருவன், காப்பவர்கள் ஊரார். தமிழ்நாட்டு வானொலியின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டும்போது இந்தக் கடைசி வரியின் அருமை புரிகிறது. ஓர் ஊரின் பாட்டு அலைவரிசையில் ஏறுமா என்பதைக் கருவியோ பணமோ மட்டும் முடிவு செய்யவில்லை; நிலையத்தைக் காப்பவர் யார் என்பதே முடிவு செய்தது.

ஒரு வட்டாரத்து மக்களுக்கென நடக்கும் சமூக வானொலியை 2000க்குப் பிறகு வந்த புதுமை என்று நினைக்கிறோம். உண்மையில் இங்கே வானொலி பிறந்ததே ஆர்வலர்களின் கைகளில்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31 முதல், 40 வாட் ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு, பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது. முன்பு வீடுகளில் எரிந்த சிறிய குண்டு பல்பின் திறன்தான் அந்த 40 வாட். இந்திய அரசுக்கென்று ஒரு வானொலி நிலையம் இல்லாத காலம் அது. பணமுடையால் 1927 அக்டோபரில் கிளப் ஓய்ந்தது. ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அதை நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கட்டும் என்று மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. கடற்கரை மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது.

மறு ஆண்டு, 1939 மே 16இல், திருச்சி நிலையம் தொடங்கியது. கிளப் உருவான அதே தேதி, சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து. திருச்சி வானொலி காவிரிக் கரை இசைக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்வது நன்றி கெட்ட செயல். ஆலத்தூர் சகோதரர்கள் வாழ்ந்த ஊர் இது. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கர்நாடக இசைக் கருவியாக நிலைநிறுத்திய ஊர். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி நாகஸ்வரம் வாசித்தார், கற்பித்தார். இப்படிப்பட்டவர்களின் வாசிப்பைச் சீட்டு வாங்க முடியாத வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது வானொலிதான். ஆனால் அந்தக் கதவுக்குக் காவல் இருந்தது டெல்லியில். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது. கமகம் பேசாத கருவி, அந்நியக் கருவி என்பது வாதம். இசை இலக்கணப்படி அதில் நியாயம் இருக்கலாம். தமிழ்நாட்டிலோ அது இசை நாடகத்தின் உயிர்நாடி, பஜனை மடத்தின் துணை. விடிய விடிய நாடகம் நடத்திய கலைஞர்களின் கருவி. அதை அலைவரிசையிலிருந்து விலக்கலாமா என்று அந்த மேடையில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1970களில்தான் தடை தளர்ந்தது.

பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது 1952இல் வந்த குரல்தேர்வு முறையும் இதே வழியில் வந்ததுதான். சிபாரிசால் நுழைகிறவர்களைத் தடுக்க அது தேவைப்பட்டது. தரம் பிரித்ததால் பல இளைஞர்களுக்கு ஊதியமும் மரியாதையும் கிடைத்தன. ஆயினும் ராக ஞானம், தாளக் கட்டு என்று அளக்கும் கோலால் நையாண்டி மேளத்தையோ தெருக்கூத்தின் முகவீணையையோ அளப்பது எப்படி? நாட்டுப்புறப் பாடலுக்கென்று நிலையங்கள் தனி நேரம் ஒதுக்கியது உண்மை. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிப் பெயர் பெற்றவர்தான். ஆனால் ஒரு பாட்டுக்குச் சில நிமிடம், வாரத்தில் சில நேரம் என்ற பங்கீட்டில் ஒரு வட்டாரம் முழுவதும் இடம் பெற முடியாது. ஸ்ரீரங்கத்து அரையர் சேவையையே எடுத்துக்கொள்ளுங்கள். வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் மருமக்கள் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் மரபு அது. அந்த நாதமுனிகளின் சீடரான உய்யக்கொண்டார் பிறந்தது இதே திருவெள்ளறையில். கையில் தாளம், பாட்டு, அபிநயம், வியாக்கியானம் என்று மணிக்கணக்கில் நீளும் ஒரு கலையை அரைமணி நேரக் கட்டத்துக்குள் வெட்டித் திணிக்க முடியாது. அதற்கு அவசரமில்லாத நிலையம் வேண்டும்.

அப்படிப்பட்ட நிலையத்துக்குச் சட்டம் பின்னர் வழி திறந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. முதலில் கல்வி நிலையங்களுக்கு அனுமதி கிடைத்தது; 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் உரிமை நீட்டிக்கப்பட்டது. 2008 அக்டோபர் 15இல் அன்றைய ஆந்திரத்து மேதக் மாவட்டத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ எழுந்தது. 2016 ஆகஸ்ட் 15இல் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை வந்தது. திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி நிலையம் நடத்துகிறது. இன்று நாட்டில் 400க்கும் மேற்பட்ட சமூக வானொலிகள் உண்டு. தமிழ்நாட்டில் உள்ளவற்றில் பெரும்பகுதி கல்லூரி வளாகங்களில் இருக்கிறது. மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சிக்களம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கல்லூரியின் வானொலி கல்லூரியின் கால அட்டவணைப்படிதான் நடக்கும். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கிராமத்தில் திருவிழாவும் கூத்தும் நடப்பது அந்தக் கோடையில்தான். தூரமும் ஒரு தடை. விதிப்படி வழக்கமாகக் கதிர்வீச்சுத் திறன் 100 வாட்டுக்குள், கோபுரம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பொதுவாக 10 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் தெளிவாகக் கேட்கும். திருச்சி நகரில் எழும் ஒலி திருவெள்ளறைக்கு வருமுன் தேய்ந்துவிடும். திருவெள்ளறையின் பாட்டு அங்கிருந்தேதான் எழ வேண்டும்.

கைபேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்பார்கள். கைபேசியில் எதையும் தேடலாம். ஆனால் தேட ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் உடுக்கடித்துப் பாடும் பெரியவரின் பெயரை யாரும் தட்டச்சு செய்து தேடப் போவதில்லை. காட்சி எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தும் இயந்திரமும் அவரை முன்னால் கொண்டுவராது. காலை ஆறு மணிக்கு அவர் பாட்டை ஒலிக்கவிட்டு, நாளை மறுநாள் எந்தக் கோயில் வாசலில் பாடப் போகிறார் என்றும் சேர்த்துச் சொல்ல, அவரை அறிந்த ஒருவர் ஒலிவாங்கி முன் உட்கார வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு, தொண்டர்களை நம்பினால் நெடுநாள் தாங்காது என்பது. சென்னை கிளப்பின் கதையையே அதற்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் உலக அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1949 ஏப்ரல் 15இல் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையம் கேட்பவர்களின் சந்தாவை நம்பிப் பிறந்து, எழுபது ஆண்டைக் கடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1975 டிசம்பர் 8இல் எழுந்த 4இசட்இசட்இசட் நிலையத்தைப் பெரும்பாலும் தொண்டர்களே நடத்துகிறார்கள். அந்நகரத்து இசைக்குழுக்களின் பாட்டுகளுக்கு அது தொடர்ந்து இடம் கொடுத்துவருகிறது. தொண்டர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் நிலையம் நிற்கிறது. ஆண்டுதோறும் கேட்பவர்களிடம் சந்தா திரட்டுவதும், யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று வகுத்திருப்பதும்தான் காரணம். கிளப் விழுந்தது தொண்டர்களால் அல்ல என்றே நான் கருதுகிறேன். வானொலிப் பெட்டி அரிதாக இருந்த காலத்தில் சில உறுப்பினர்களின் கட்டணத்தையே அது பெரிதும் நம்பியது. மூவாயிரத்து எழுநூற்றுவர் போன்ற ஒரு பெருங்குழு அதன் பின்னால் இல்லை.

2006 விதிகளின்படி தனி மனிதர் விண்ணப்பிக்க முடியாது. ஆதாய நோக்கமில்லாமல் பதிவு செய்து, குறைந்தது 3 ஆண்டு இயங்கிய அமைப்பாக இருக்க வேண்டும்; நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். ஒரு மேளக்காரர் சங்கமோ, பஜனைக் குழுவோ, உழவர் கூட்டமைப்போ முறையாகப் பதிவு செய்து, இந்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் விண்ணப்பிக்கலாம். திருவெள்ளறை அடங்கிய மண்ணச்சநல்லூர் வட்டாரத்தில் அப்படிப் பதிவு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், முதலில் ஒலிபரப்பிக்கு விலை விசாரிக்க வேண்டாம். நிலையத்தைக் காக்கப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.